குடல் நோயும் குடிபெயர்வும்

எழுவைதீவுக்குச் செல்வோர் ஊர்காவற்றுறை இறங்குதுறையிற் படகேறியே செல்லல் வேண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் உள்ளதுபோலத் தாம்போதி எதுவும் அச்சிறு தீவை ஏனைய நிலத்தோடு இணைக்கவில்லை. பனங்கூடல்களும், சுண்ணாம்புக்கல் நிலமும், அந்நிலத்தை அகழ்ந்து எடுத்த கிணறுகளும், கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களுமே அங்கே கண்ணிற்படும் காட்சி. காற்றுக் கடுமையாகும் காலத்திற் படகோட்டம் தடைப்படும். அவ்வேளையில் நோயுற்றவர்க்கு மருந்தினும் அரியது கடலைக் கடத்தலேயாகும்.

அத்தகைய ஊரில் இருபது வயது இளைஞன் ஒருவனுக்குக் குருதியும் சளியும் கலந்த கழிச்சல் உண்டாகிறது என்று கொள்வோம். ஒரு வாரத்தில் நிற்கவேண்டியது ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. உடல் மெலிகின்றது; இரவில் உறக்கம் கெடுகின்றது. வீட்டாரும் அயலாரும் முதலிற் கேட்பது, "இது எதனால் வந்தது?" என்பதே. கிணற்று நீரால் வந்தது என்பார் ஒருவர். கொழும்பிலே கடைச்சாப்பாடு உண்டமையால் வந்தது என்பார் இன்னொருவர். மூலவியாதி என்று முடிவு கட்டுவார் வேறொருவர். தாய்வழி வந்த குறை என்று தாழ்ந்த குரலிற் பேசுவாரும் உளர். விடை எதுவாயினும் அது யாரோ ஒருவர்மேற் பழியாக இறங்கும். இளைஞனோ நாணத்தால் வாய் திறவான். இதற்கிடையில் மாதங்கள் கழிந்துவிடும்.

"எதனால் வந்தது?" என்னும் அக்கேள்வி எழுவைதீவு வீடொன்றுக்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்த பெரிய வைத்தியர்களும் அதே கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்தனர். அவர்கள் கண்ட விடைகளின் வரலாறே இப்பேச்சின் பொருள். அவ்வரலாற்றை அறிவது நோயாளியின் துன்பத்தைக் குறைக்குமா என்று நேயர்கள் ஐயுறலாம். குறைக்கும் என்பதற்கே அவ்வரலாறு சான்றாகின்றது.

தீவக மக்களுக்குக் குடல் நோய் புதியதன்று. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு என்னும் மூன்றும் முன்னோர் நன்கு அறிந்த பகைகள். யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் துளைகளினூடே இறங்கி, கீழே பரந்துள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கும். அளவு கடந்து இறைத்தால் நன்னீர் குறைந்து உவர் மேலேறும். மழைநீரை உள்ளே விடும் அதே துளைகள், மனிதன் நிலத்திற் கழிக்கும் அழுக்கையும் உள்ளே விடும். ஆதலின், குடிக்கும் கிணற்றுக்கு அணித்தாய்க் கழிவுக்குழி இருப்பின், நோய் ஒருவர் குடலிலிருந்து மற்றவர் குடலுக்குச் செல்ல நெடும் வழி நடக்கவேண்டியதில்லை.

1817 ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிய வாந்திபேதி, அடுத்த சில ஆண்டுகளுள் இலங்கையையும் எட்டியது. பாய்க்கப்பல்கள் வந்துபோகும் துறைமுகங்கள் யாவும் அந்நோய்க்கு வாயில்களாயின. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த 'இரண வைத்தியம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் பயன்கள். அவர் 1873 ஆம் ஆண்டில் இந்நாட்டை விட்டு நீங்கும்போது, உடலின் உறுப்புகளையும் நோய்களையும் பற்றித் தமிழிற் பேசுவதற்கு வேண்டிய சொற்கள் பல உருவாகியிருந்தன.

அக்காலம் மருத்துவ உலகிற் பெருவெற்றிகள் தொடங்கிய காலம். 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜோன் சினோ என்னும் வைத்தியர், வாந்திபேதி ஒரு குறித்த தெருவின் நீர்க்குழாயிலிருந்து பரவியதைக் கணக்கெடுத்துக் காட்டினார். 1883, 1884 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியரான றொபேட் கொக், எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அந்நோயின் கிருமியைப் பிரித்தறிந்தார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி. அக்கிருமிக்கு ஒரு வழி. அவ்வழியை அடைத்தால் நோய் நிற்கும். இந்தத் தெளிவு கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. இலங்கையில் 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவும், அதன்பின் ஊர்தோறும் சென்ற சுகாதாரப் பரிசோதகர்களும், மருத்துவ மாதரும், கிணற்றுக்குக் கட்டும் மலசலகூடத்துக்குக் குழியும் வலியுறுத்தியது அத்தெளிவின் வழியிலேயே.

ஆயினும் அவ்வெற்றி ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. நோய் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கும் பழக்கமே அது. வைத்தியர்களையும் வருத்திய அப்பழக்கத்துக்கு அடங்காத நோய் ஒன்று, கிறீன் வாழ்ந்த அந்நாட்களிலேயே ஐரோப்பாவில் வைத்தியர் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியிருந்தது.

அந்நோயை இன்று குடல் அழற்சி நோய் என்ற பொதுப் பெயரால் வழங்குவர். அதில் இரு வகை உண்டு. ஒன்று, பெருங்குடலின் உட்தோலிற் புண் உண்டாக்குவது. அது குதத்தருகே தொடங்கி மேனோக்கிப் பரவும். மற்றையது குரோன் நோய். அது வாய் தொடங்கிக் குதம் வரை எவ்விடத்தும் தோன்றலாமெனினும், சிறுகுடலின் கடைப்பகுதியைப் பெரிதும் பற்றும். குடற்சுவரை ஊடுருவி, குடலைச் சுருங்கச் செய்தலும், புரைவழி உண்டாக்குதலும் அதற்கு இயல்பு. இரண்டிலும் உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே அடங்காது நின்று குடலைப் புண்படுத்துகின்றது. இரண்டும் தணிந்தும் மீண்டும் எழுந்தும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பன. நெடுநாள் நீடிக்கும் கழிச்சலைக் கிரகணி என்று வேறு பிரித்து வைத்துப் பார்க்கும் வழக்கம் தமிழ் வைத்தியத்திலும் இருந்ததே. எனினும் கிரகணி என்னும் பெயருள் பல நோய்கள் அடங்கும். அது முழுவதையும் இந்நோய் என்று கொள்ளுதல் பொருந்தாது.

இந்நோயின் வரலாறு ஒரு கொலைவழக்கிலே தொடங்குகின்றது. 1859 ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டனை அடுத்த றிச்மண்டில் இசபெல்லா பாங்ஸ் என்னும் பெண் நெடுநாட் கழிச்சலாலும் வாந்தியாலும் நலிந்து இறந்தாள். அவளோடு வாழ்ந்த தோமஸ் சிமெதர்ஸ்ற் என்பவர் ஒரு வைத்தியர். அவர் நஞ்சூட்டிக் கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. நஞ்சு நூலிற் பேரறிஞராய் விளங்கிய அல்பிரெட் சுவெயின் ரெயிலர் முதலிற் பாஷாணம் கண்டதாகச் சொன்னார். பின்னர், அப்பாஷாணம் தாம் சோதனைக்குப் பயன்படுத்திய செப்புக்கம்பி வலையிலிருந்தே வந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வாறிருந்தும் சிமெதர்ஸ்ற்றுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பொதுமக்களும் வைத்தியர்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசு அவரை அக்குற்றத்திலிருந்து மன்னித்தது. முதல் மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்த குற்றத்துக்காக மட்டும் அவர் சிறை சென்றார்.

அப்பெண்ணின் குடலை ஆராய்ந்து எழுதியவர் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ். பெருங்குடலிற் புண்களும் சிறுகுடலின் கடைப்பகுதியில் அழற்சியும் இருந்ததை அவர் அவ்வாண்டிலேயே விவரித்தார். அவ்விவரத்தைப் படித்த பிற்கால வைத்தியர்கள், அது குடல் அழற்சி நோயின் வடிவமே என்று கருதினர். நோயை அறியாமையால் ஒரு மனிதர் தூக்குமேடையின் படிவரை கொண்டு செல்லப்பட்டார். "எதனால் வந்தது?" என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் விடை, "இவரால் வந்தது" என்பதாகவே இருந்தது.

அதன்பின் நோய்க்குப் பெயர்கள் வந்தன. 1913 ஆம் ஆண்டில் ஸ்கொற்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கென்னடி டல்சியல் என்னும் சத்திரவைத்தியர், காசநோயை ஒத்தும் காசநோயன்றியும் குடலைத் தடிக்கச் செய்யும் நோயொன்றை எழுதினார். 1932 ஆம் ஆண்டில் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் பேரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் என்னும் மூவரும் 14 நோயாளரின் விவரங்களை வெளியிட்டனர். ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்றமையால் குரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது. காசநோய்க் கிருமியைப் போன்ற ஒன்றே காரணமாகலாம் என்று தேடியவர் பலர். காரணமென்று நிறுவத்தக்க ஒரு கிருமி அகப்படவில்லை.

கிருமி அகப்படாத இடத்திற் பழி நோயாளியின் மனத்தின்மேல் விழுந்தது. 1930 ஆம் ஆண்டில் அமெரிக்கரான செசில் மரே, பெருங்குடற் புண்ணுக்கும் மனக்கலக்கத்துக்கும் தொடர்புண்டு என்று எழுதினார். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்நோயாளர் தாயை விட்டுப் பிரியாத குழந்தையுள்ளம் கொண்டோர், வாழ்க்கையை எதிர்கொள்ளும் உறுதியற்றோர் என்றெல்லாம் மேனாட்டு நூல்கள் கூறின. குடலிற் குருதி ஒழுகும் ஒருவனிடம் உன் குணமே உன் நோய் என்று சொல்வது எத்துணைக் கொடுமை என்பது சொல்லாமலே விளங்கும். மனவருத்தம் இருக்கும் நோயை மிகுவித்தல் கூடும். அதுவே நோயைப் பிறப்பிப்பது என்னும் கொள்கையைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை.

மருந்து வந்தபோது அக்கொள்கை தளரலாயிற்று. சுவீடன் நாட்டின் நானா சுவார்ட்ஸ் என்னும் பெண் வைத்தியர் மூட்டுவாதத்துக்கென ஆக்கிய மருந்து குடற்புண்ணைத் தணித்ததை 1942 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1955 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டில் துரூலவ், விற்ஸ் என்னும் இருவரும் 210 நோயாளரைக் கொண்டு கோட்டிசோன் மருந்தைச் சோதித்தனர். கடும் தாக்குதலில் உயிரிழப்போர் தொகை அதனாற் குறைந்தது. காரணம் முழுதும் அறியப்படாதிருந்தபோதே நோயைத் தணிக்கும் வழி பிறந்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை என்பதை வரலாறு இவ்விடத்திற் கற்பித்தது.

பின்னர்த் தேட்டம் குருதிவழிக்குத் திரும்பியது. 2001 ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சிக் குழுவினர் நொட்-2 எனப்படும் மரபணுவில் உள்ள சில வேறுபாடுகள் குரோன் நோய் வரும் வாய்ப்பைப் பெருக்குதலைக் கண்டனர். அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஆயின், ஐரோப்பியரிற் காணப்பட்ட அந்த நொட்-2 வேறுபாடுகள் ஆசிய நோயாளரில் அரிதாகவே காணப்பட்டன. மேலும், ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வர, அதே மரபணுக்களைக் கொண்ட மற்றவர் நலமாயிருத்தல் பலமுறை கண்ட உண்மை. விதையில் ஏதோ இருக்கின்றது. ஆனால் விதை மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதில்லை.

விதையை விட்டு நிலத்தை நோக்கியவர்களுக்கு விடையளித்தவர்கள் ஊர் விட்டு ஊர் சென்ற மக்களே. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் இந்திய வழியினர் பலர் வாழ்கின்றனர்; 1972 ஆம் ஆண்டில் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறியோரும் அவர்களுள் உளர். 1992 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அந்நகரத் தெற்காசியருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி அங்குள்ள ஐரோப்பியரைவிட மிகுதியாய் உண்டாவதைக் காட்டியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2015 ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வின் முடிவு இன்னும் தெளிவானது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்க்கு இந்நோய் அங்குப் பிறந்தோரைவிடக் குறைவு. ஆனால் எத்துணை இளமையில் வந்து சேர்ந்தனரோ அத்துணை வாய்ப்பு மிகும். தெற்காசியப் பெற்றோர்க்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ ஏனைக் கனடியப் பிள்ளைகளுக்கு உள்ள அளவே வாய்ப்பு.

தீவகத்தாருக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்றதும், தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்ததும் அவர்கள் மரபு. 1983 ஆம் ஆண்டின் பின்னரும், 1990 ஆம் ஆண்டிற் போர் தீவகத்தை எட்டிய பின்னரும், குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தனர். இன்று தீவுகளில் எஞ்சியிருப்போரைப் பார்க்கிலும் அயல்நாடுகளில் வாழும் தீவகத்தார் தொகை பெரிது. எழுவைதீவிலே பாட்டி, ரொறொன்ரோவிலே பேர்த்தி. இருவருக்கும் ஓடுவது ஒரே குருதி. ஒன்ராறியோ ஆய்வு தெற்காசியர் அனைவரையும் ஒருங்கு நோக்கியதேயன்றித் தீவகத்தாரைத் தனியே எண்ணியதன்று. ஆயினும் அது காட்டும் பொதுவழி தெளிவு. குருதி மாறாமலே ஒரு தலைமுறையில் நோய்வாய்ப்பு மாறுகின்றது எனின், மாறியது வாழ்க்கையே.

கடல் கடவாதோரும் இம்மாற்றத்துக்குப் புறம்பானவர் அல்லர். பஞ்சாப் மாநிலத்து லூதியானாவில் நடந்து 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் பெருங்குடற் புண்ணழற்சியோடு வாழ்வதாகக் கண்டது. கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைக் கணக்குகளைக் கொண்டு 2010 ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆய்வில் அத்தொகை இலட்சத்துக்கு 5.3; குரோன் நோய் 1.2. 2013 ஆம் ஆண்டில், இலங்கை உட்பட ஆசியாவின் பல இடங்களையும் அவுஸ்திரேலியாவையும் ஒப்பிட்ட ஆய்வு, புதிதாக நோயுறுவோர் ஆண்டொன்றில் இலட்சத்துக்கு ஆசியாவில் 1.37 என்றும், அவுஸ்திரேலியாவில் 23.67 என்றும் கணக்கிட்டது. ஆசியாவில் நோய் இன்னும் குறைவே. ஆனால் நகர் பெருகி வாழ்க்கை மாறும் நாடுகளில் அது ஏறிவருவதும், மேனாடுகளில் ஏற்கெனவே ஏறி நிற்பதும் உலகளாவிய கணக்கெடுப்புகளால் அறியப்படுகின்றன.

வாழ்க்கையில் எப்பகுதி மாறியதால் இது நேர்ந்தது? இங்கேதான் ஒற்றைக் காரணம் தேடும் பழக்கம் மீண்டும் இடறுகின்றது. புகைத்தலை எடுத்துக்கொள்க. அது குரோன் நோய்க்கு உறுதியாய் உதவுகின்றது. பெருங்குடற் புண்ணழற்சியோ, 1982 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகர வைத்தியர்கள் காட்டியபடி, புகைப்பவரில் குறைந்தும், புகைத்து விட்டவரில் மிகுந்தும் காணப்படுகின்றது. இதனைக் கேட்டு எவரும் சுருட்டை மருந்தென்று எண்ணற்க. புகையிலை விளைத்து வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு அது தரும் புற்றுநோயும் நெஞ்சுநோயும் தெரியாதவை அல்ல. ஒரே பொருள் ஒரே நோயின் இரு வகைகளில் இரு விதமாய் நிற்கின்றது என்பதே இங்கே அறியத்தக்கது.

அளவு மீறிய தூய்மையே காரணம் என்று கூறியோரும் உண்டு. புழுவும் கிருமியும் நிறைந்த குடலில் எதிர்ப்பாற்றல் அடக்கம் கற்கும்; அவை அகன்ற குடலில் அது தன் உடலையே தாக்கும் என்பது அவர் கொள்கை. பன்றிக் குடற்புழுவின் முட்டையை மருந்தாகக் கொடுத்து 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் நற்பயன் கண்டனர். பின்னர் நடந்த பெரிய பரிசோதனை அந்நம்பிக்கையை நிறைவேற்றவில்லை. ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்து 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. சிறுவயதில் நீர்பாய்ச்சும் மலசலகூடத்தோடு வளர்ந்த ஆசியருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி குறைவாகவே வந்திருந்தது. மேனாட்டுச் சிறுவரில் நோய்வாய்ப்பைக் கூட்டுவதாகக் கண்ட கிருமிக்கொல்லி மருந்துகள், அவ்வாய்வின் ஆசியரில் அதற்கு மாறாக நின்றன. ஆதலால், கிணற்றடித் தூய்மையைக் கைவிட்டால் நலம் என்று இவ்வாராய்ச்சியிலிருந்து பொருள் கொள்ளுதல் பெரும்பிழை. வாந்திபேதியையும் நெருப்புக்காய்ச்சலையும் விரட்டிய தூய்மை என்றும் வேண்டியதே.

அதே ஆய்வில் இரு நோய்க்கும் பொதுவாய் மிக வலிய காவலாகத் தோன்றியது எதுவெனின், ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் உண்டிருத்தல். நாள்தோறும் தேநீர் அருந்துதலும் நன்மைப் பக்கமே நின்றது. உடலுழைப்பு குரோன் நோயைக் குறைப்பதாகத் தோன்றியது. இவை உடன் காணப்பட்ட தொடர்புகள். ஒவ்வொன்றும் காரணமென்று நிறுவப்பட்டவை அல்ல. 2021 ஆம் ஆண்டில் 21 நாடுகளைச் சேர்ந்த 1,16,087 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வு, ஆலையிற் பலவாறு பதப்படுத்தி உறையிலடைத்த உணவுகளையும் இனிப்புப் பானங்களையும் மிகுதியாய் உண்போருக்கு இந்நோய் கூடுதலாய் வருவதைக் கண்டது. அத்தகைய உணவிற் சேர்க்கும் சில கலவைப் பொருள்கள் எலிகளின் குடலைக் காக்கும் சளிப்படலத்தை மெலியச் செய்ததை 2015 ஆம் ஆண்டின் பரிசோதனையொன்று காட்டியது. குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கும் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இடையே அப்படலம் வேலிபோல் நிற்பது. வேலி மெலிந்தால் இரு புறத்தாரும் மோதிக்கொள்ளுதல் இயல்பே.

எழுவைதீவின் சமையலறையிலும் இம்மாற்றம் புகுந்துள்ளது. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிற் காற்றையும் கதிரொளியையும் கொண்டு மின் ஆக்கும் நிலையம் அங்கே அமைந்தது. அது நல்வரவே, விளக்கும் விசிறியும் பிள்ளைகளின் படிப்பும் அதனாற் சிறந்தன. குளிரூட்டியும் குளிர்பானமும், படகில் வந்திறங்கும் உறையிட்ட உணவும் அதனோடு ஒரு வரிசையில் வருபவை. ஒடியற்கூழும், குரக்கன் பிட்டும், அன்றன்று பிடித்த மீனும், முருங்கையிலையும் நோயை மாற்றும் மருந்துகள் என்று இங்கே சொல்லப்படவில்லை. நோய் எழுந்து நிற்கும் வேளையில் நார் மிகுந்த உணவு சிலருக்குத் துன்பமும் தரும். நலமாயுள்ள பிள்ளைகளை அவ்வுணவிற் பழக்குதல் தகும் என்பதே கருத்து.

இத்துணை நெடிய வரலாற்றின் முடிவில், அந்த இளைஞனின் வீட்டாருக்குக் கிடைக்கும் விடை யாது? அவனது நோயைத் தனியொரு கிணறோ, தனியோர் உணவோ, தாய்வழியோ, அவன் மனமோ உண்டாக்கவில்லை. உடம்பில் முன்னரே அமைந்த சிறு சாய்வுகள் பலவும், வளர்ந்த சூழலின் மாற்றங்கள் பலவும், குடலில் வாழும் உயிர்களும் கூடிய இடத்தில் அது எழுந்தது. அக்கூட்டத்தில் எவருக்கும் குற்றவாளிப் பட்டம் சூட்ட இயலாது. இது தொட்டால் ஒட்டும் நோயன்று. நோயுற்றவரின் நெருங்கிய உறவினர்க்கு வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது மெய்யே. எனினும் நோயுற்ற தாய் தந்தையரின் பிள்ளைகளுட் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆதலின், திருமணப் பேச்சில் இந்நோயை மறைத்து மருந்தை நிறுத்துவதற்கோ, ஒரு பெண்ணை இதன்பொருட்டு ஒதுக்கி வைப்பதற்கோ நியாயம் இல்லை. நோய் தணிந்திருக்கும் காலத்திற் கருவுற்று நலமே பிள்ளை பெற்றோர் பலர்.

செய்யத்தக்கவை சில உண்டு. குருதி கலந்த கழிச்சல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், இரவில் உறக்கத்தைக் கலைத்துக் கழிச்சல் வந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், வளரும் பிள்ளையின் வளர்ச்சி தடைப்பட்டாலும், குதத்தருகே புரை தோன்றினாலும், மூலவியாதி என்று வீட்டிலிருந்தே முடிவு செய்தல் ஆகாது. ஊர்காவற்றுறையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ காட்டுதல் வேண்டும். இந்நாட்டில் குடற் காசநோயும் கிருமிக் கழிச்சலும் இன்னும் உண்டு; அவை இதனையே ஒத்துத் தோன்றும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தாற் கேடு விளையும். ஆகவே சோதித்தறிந்த பின்னரே வைத்தியம் தொடங்குவர். நோவுக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் சில குளிசைகள் குடற்புண்ணை மீண்டும் கிளர்த்தக்கூடியன. அவற்றை வைத்தியரைக் கேட்டே உட்கொள்க. நாட்டு மருந்து உட்கொள்பவர் அதனையும் மறையாது சொல்லுதல் நன்று. நலம் கண்டவுடன் மருந்தைத் தாமே நிறுத்துவோர்க்கு நோய் மீளும். பெருங்குடலிற் பல்லாண்டு நீடித்த அழற்சி புற்றுநோய்க்கும் இடமாகலாம். குறித்த காலத்திற் குடலைக் குழாய்க்கருவியால் நோக்கி வந்தால் அதனை முன்னரே கண்டுகொள்ளலாம்.

1859 ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றம் கேட்டது, "இதனைச் செய்தவர் யார்?" என்று. அக்கேள்வியை அடியோடு விட்டபின்னரே வைத்தியம் முன்னேறியது. எழுவைதீவின் அவ்வீட்டில் முதலிற் கேட்கவேண்டியது, "எத்தனை நாளாய் இருக்கின்றது, தம்பி?" என்பதே. அக்கேள்வியை அன்போடு கேட்கும் தாயோ தமையனோ ஆசிரியரோ இருப்பின், அவன் நாணம் நீங்கி வாய் திறப்பான். காற்றுத் தணிந்த நாளில் ஊர்காவற்றுறைக்குப் புறப்படும் முதற்படகில் அவனுக்கும் ஓர் இடம் இருக்கும்.